வரையறை கேட்டுப் போன இடம்

கணிதத்துக்கு எதற்கு அகராதி என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காரணம்தான் மாறியிருக்கிறது. அன்று, "கணக்கைப் போட்டுப் போட்டுப் பழகு, வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்றார்கள். இன்று, "கையில் போன் இருக்கிறது, எதைக் கேட்டாலும் சொல்லிவிடும்" என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் என்னிடமிருந்த பாடப்புத்தகங்கள் பல கைமாறிப் போய்விட்டன. கணித அகராதி மட்டும் மேஜையை விட்டு இறங்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன் நான். சார்பு, வகைக்கெழு, அணிக்கோவை எல்லாம் நன்றாகத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தபோது சொற்கள் அத்தனையும் மாறிப்போயின. சார்பு ஃபங்ஷன் ஆனதும் வகைக்கெழு டெரிவேட்டிவ் ஆனதும் சில வாரங்களில் பழகிவிட்டன. சிரமம் கொடுத்தவை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்த சொற்கள்: பவுண்டட், குளோஸ்டு, டென்ஸ், நார்மல், காம்பாக்ட். என்னிடமிருந்த ஆங்கில–தமிழ் அகராதியில் இவை எல்லாமே இருந்தன. குளோஸ்டு என்றால் மூடிய, அடைத்த. அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், 0ஐச் சேர்த்துக்கொண்டு 1ஐ விட்டுவிட்ட இடைவெளி திறந்ததும் இல்லை, மூடியதும் இல்லை என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். வெற்றுக் கணம் திறந்ததும்தான், மூடியதும்தான் என்கிறார். பேச்சு வழக்கின் பொருளை நம்பிக் கணிதத்துக்குள் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

வகுப்பில் எழுந்து நின்று கேட்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இல்லை. தமிழ்வழியில் வந்தவர்களுக்கு அறவே இல்லை. வீட்டில் கேட்பதற்கு ஆள் கிடையாது. மிஞ்சியது நூலகம். அங்கே ரெஃபரன்ஸ் புத்தகங்களுக்குத் தனி அலமாரி, அதற்குப் பூட்டு. சீட்டு எழுதிக் கொடுத்தால் நூலக அண்ணாச்சி சாவியோடு வருவார். "தம்பி, இங்கனயே இருந்து பாத்துட்டுக் குடுத்துரணும், என்னா?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். கொடுத்த பிறகு நேரம் பார்க்க மாட்டார். மணி அடித்தும் நான் எழுந்திருக்காத நாட்களில் மற்ற அலமாரிகளை முதலில் பூட்டிக்கொண்டு வருவார்.

அப்படித்தான் ஜேம்ஸ் அண்ட் ஜேம்ஸ் என்ற கணித அகராதி என்னிடம் வந்தது. அட்டையில் இருப்பது அப்பா, மகன் இருவரின் பெயர். அப்பா கிளென் ஜேம்ஸ், கலிபோர்னியாவில் கணிதப் பேராசிரியர். மகன் ராபர்ட் ஜேம்ஸ். 1942இல் முதல் பதிப்பு வந்தது, 1992இல் ஐந்தாவது. பின்னால் பெயர்பெற்ற பொருளியலாளர் ஆர்மன் ஆல்சியன் போன்றவர்களும் அதற்கு எழுதியிருக்கிறார்கள். பிந்தைய பதிப்புகளின் கடைசியில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ் என்று நான்கு மொழிச் சொற்பட்டியல்கள் உண்டு. அந்த நான்கையும் புரட்டிவிட்டு ஐந்தாவதாகத் தமிழ் இருக்கிறதா என்று நான் தேடியிருக்கிறேன்.

முதலில் தேடிய சொற்களில் ஒன்று வெல்-ஆர்டர்டு செட். நன்கு வரிசைப்பட்ட கணம் என்று தமிழில் சொல்லலாம். வெற்றுக் கணம் அல்லாத ஒவ்வோர் உட்கணத்துக்கும் ஒரு முதல் உறுப்பு இருக்கும்படி வரிசைப்பட்ட கணம் என்பது அதன் சாரம். இயல் எண்கள் அப்படிப்பட்டவை. முழு எண்கள் வழக்கமான வரிசையில் அப்படி இல்லை, ஏனென்றால் குறை எண்களில் மிகச் சிறியது என்று ஒன்று கிடையாது. சரி, வரிசை என்றால் என்ன? அங்கே போனால் அது ஓர் உறவு என்றிருக்கிறது. உறவு என்றால்? வரிசைச் சோடிகளின் கணம். வரிசைச் சோடிகள் கார்ட்டீசியன் பெருக்கலில் கிடக்கின்றன. அந்தப் பெருக்கல் இரண்டு கணங்களால் ஆனது. கணம் என்றால்?

அங்கே வந்து நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லால், அதை வேறொன்றால் விளக்கிக்கொண்டே போனால், ஒன்று சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும், அல்லது எங்கோ ஓரிடத்தில் வரையறுக்காத சொல் ஒன்றை ஏற்றுக்கொள்ளும். யூக்ளிட், புள்ளி என்பது பகுதியற்றது என்று தொடங்கினார். 1899இல் ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளை எழுதியபோது புள்ளியையும் கோட்டையும் வரையறுக்காமலே விட்டார்; அவற்றுக்கு இடையிலான உறவுகளைச் சொல்லும் அடிகோள்களே போதும் என்றார். இந்தப் பெரிய விஷயத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வகுப்பு அல்ல. ஒரு சொல்லில் நுழைந்து, 'காண்க', 'காண்க' என்று பின்னோக்கிப் போய், கடைசியில் தரையைத் தொட்ட அந்த மாலை நேரத் தேடல்தான். கணிதம் மேலே எவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டிருந்தாலும் கீழே எதன்மேல் நிற்கிறது என்பதை ஒரு மாணவன் தன் விரலாலேயே பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்டுகொள்ள முடியும். பாடப்புத்தகம் முன்னோக்கி மட்டுமே போகும். அகராதி பின்னோக்கிப் போக விடும்.

நிபந்தனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாளில் தேர்வுக்கென்று விற்ற கைடுகளில் தேற்றத்தின் முடிவு பெரிய எழுத்தில் இருக்கும். நிபந்தனை பாதி உதிர்ந்துபோயிருக்கும். சராசரி மதிப்புத் தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும். ஏன் ஓரிடத்தில் மூடியது, ஓரிடத்தில் திறந்தது? கைடு சொல்லாது. அகராதி இரண்டையும் தனித்தனியாக, சொல் பிசகாமல் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்குப் பிறந்தது. 0 முதல் 1 வரை வர்க்கமூலச் சார்பை வரைந்து பார்த்தேன். 0இல் அதன் தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது, அங்கே வகைக்கெழு இல்லை. ஆனாலும் தேற்றம் பொருந்துகிறது, ஏனென்றால் ஓரப்புள்ளிகளில் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டுமென்று அது கேட்கவே இல்லை. மட்டு மதிப்புச் சார்பை −1 முதல் 1 வரை வரைந்தேன். நடுவில் ஒரே ஒரு கூர்முனை. தேற்றம் அங்கேயே விழுந்துவிட்டது. ஓர் அடைப்புக்குறி வளைந்திருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

மகன் ஜேம்ஸ் யார் என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. பனாக் வெளி என்று ஒரு வகை உண்டு. அதற்கு இரட்டை வெளி, அந்த இரட்டைக்கும் ஓர் இரட்டை என்று கட்டிக்கொண்டு போகலாம். மூல வெளியை இரண்டாம் இரட்டைக்குள் கொண்டுபோய் வைக்க இயல்பான கோப்பு ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்பு முழுவதையும் நிரப்பினால் அது ரிஃப்ளெக்சிவ் வெளி. எப்படியோ ஒரு வகையில் இரண்டும் ஒத்துப்போனால் போதாதா, 'இயல்பான கோப்பு' என்ற நிபந்தனை எதற்கு என்று எவருக்கும் தோன்றும். 1951இல் ராபர்ட் ஜேம்ஸ் ஒரு வெளியை அமைத்துக் காட்டினார். அது தன் இரண்டாம் இரட்டையோடு தொலைவுகள்கூட மாறாமல் அச்சொட்டாக ஒத்துப்போகிறது. ஆனால் ரிஃப்ளெக்சிவ் இல்லை. அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் வரையறை வேறொன்றாகிவிடும் என்று உலகத்துக்குக் காட்டியவர் தொகுத்த அகராதியைத்தான் நான் பூட்டிய அலமாரியிலிருந்து வாங்கிப் படித்திருக்கிறேன். அதில் நிபந்தனைகள் உதிராமல் இருந்ததில் வியப்பில்லை.

இந்த வகை நூல்களின் வரலாறு நீண்டது. பிரான்சில் ழாக் ஒசானம் 1691இல் கணித அகராதி ஒன்றை வெளியிட்டார். 1702இல் ஆங்கிலத்தில் அதைத் தழுவிக் கொடுத்தவர் ஜோசப் ராப்சன். நம் மாணவர்கள் தேர்வுக்குத் தவறாமல் படிக்கும் நியூட்டன்–ராப்சன் முறையின் அதே ராப்சன். பிறகு 1795–96இல் சார்லஸ் ஹட்டனின் இரண்டு பெரிய தொகுதிகள். ஹட்டன் நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். இளமையில் தானும் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். பின்னர் பள்ளி நடத்தி, தானே படித்து, 1773இல் ஊல்விச் ராணுவக் கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். கேட்பதற்கு ஆளில்லாத இடத்திலிருந்து மேலேறி வந்தவர் அகராதி தொகுக்க உட்கார்ந்தது எனக்கு மிக இயல்பாகப் படுகிறது.

அதே ஹட்டன் மூலமாக ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது. ஒரு சோடி இணை பக்கங்கள் கொண்ட நாற்கரத்துக்கு டிரபீசியம், இணை பக்கமே இல்லாததற்கு டிரபீசாய்டு என்று ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ் எழுதிவைத்தார். ஹட்டனின் அகராதியில் இந்த இரண்டும் இடம் மாறிவிட்டன. இங்கிலாந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பொருளுக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கா திரும்பவில்லை. அதனால் நம் பள்ளியில் சரிவகத்தை டிரபீசியம் என்று சொல்லிக்கொடுத்தாலும், கல்லூரியில் தொகையீட்டுக்குச் சரிவக விதியைப் படிக்கும்போது அது டிரபீசாய்டல் ரூல் ஆகிவிடுகிறது. ஒரே உருவம், இரண்டு பெயர். ஓர் அகராதியில் நேர்ந்த இடமாற்றம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது என்றால், அகராதி எழுதுவது எத்தனை பொறுப்பான வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

அகரவரிசை என்ற ஏற்பாட்டை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. தமிழில் நிகண்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. ஆனால் அவை பாட்டாக மனப்பாடம் செய்வதற்கானவை. எந்தச் சொல் எந்தத் தொகுதியில் வரும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் பயன்படும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தபோது, சொல்லின் எழுத்து தெரிந்தால் போதும், பொருளைத் தேடிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. கணிதத்திலும் அப்படித்தான். ஒரு சொல் பகுப்பாய்வைச் சேர்ந்ததா, இயற்கணிதமா, இடவியலா என்று தெரிந்தால்தானே பாடப்புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று தேட முடியும்? தெரியாதவனிடம் அதைத்தான் முதலில் கேட்கிறது பாடப்புத்தகம். அகராதி அதைக் கேட்பதில்லை.

கும்பகோணத்தில் 1903 வாக்கில் ராமானுஜன் கைக்கு வந்த, கார் என்பவரின் தொகுப்பு நூலை இந்த இடத்தில் பலர் நினைப்பார்கள். அது ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை எண்ணிட்டு அடுக்கிய நூல், அகராதி அல்ல. முடிவைப் பார்த்தாலே அதன் உள்ளே புகுந்துவிடும் மனம் அவருக்கு இருந்தது. மற்ற எல்லோருக்கும் முடிவுக்கு முன்னால் வரையறை வேண்டும்.

இனி இன்றைய கதை. என் அக்கா மகள் இப்போது பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். அவளுக்குப் பூட்டிய அலமாரி கிடையாது, சீட்டு கிடையாது. நான் மாலை முழுவதும் தேடியதை அவள் பேருந்தில் நின்றுகொண்டே தேடிவிடுகிறாள். அதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. கிடைக்காமல் தவித்தவனுக்குத்தான் கிடைப்பதன் அருமை தெரியும். ஆனால் அவளுடைய சிரமம் வேறு. எனக்கு ஒரு வரையறை கிடைப்பது அரிது. அவளுக்கு ஒரே நொடியில் ஒன்றோடொன்று ஒவ்வாத பல வரையறைகள் வந்து விழுகின்றன. அவை ஒவ்வாதவை என்ற செய்தி மட்டும் வருவதில்லை.

ஒருநாள் வந்து கேட்டாள். "மாமா, −1க்குக் காட் இன்வர்ஸ் போட்டா போன்ல மைனஸ் நாப்பத்தஞ்சு டிகிரின்னு வருது. புக்ல நூத்தி முப்பத்தஞ்சு. எது சரி?"

"ரெண்டும் சரிதாம்மா. ஆளுக்கொரு வரையறையில நிக்கிறாங்க."

கோடேன்ஜென்டின் மதிப்பு −45 பாகையிலும் −1தான், 135 பாகையிலும் −1தான். தலைகீழ்ச் சார்பு ஒரே விடை தர வேண்டுமென்றால் எந்த வீச்சுக்குள் விடையைத் தேடுவது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பாடநூல் 0 முதல் 180 பாகைக்குள் வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்தால் சார்பு எங்கும் உடையாமல் தொடர்ச்சியாக இருக்கும். கணினி நிரல்கள் சில −90க்கும் 90க்கும் இடையில் வைத்துக்கொள்கின்றன. அப்படி வைத்தால் டேன் இன்வர்ஸோடு எளிதான தொடர்பு கிடைக்கும், ஆனால் 0இல் ஒரு துள்ளல் வந்துவிடும். இருவருக்கும் நியாயம் இருக்கிறது. நல்ல அகராதி வீச்சைச் சொல்லாமல் இந்தச் சார்பை வரையறுக்காது. போன் விடையைச் சொன்னது, தான் எந்த வரையறையில் நின்று சொல்கிறது என்பதைச் சொல்லவில்லை.

இப்படி எத்தனையோ. இயல் எண் 1இல் தொடங்கும் என்று நம் பள்ளியில் படிக்கிறோம். பன்னாட்டுத் தரநிர்ணயக் குறியீட்டில் 0வும் சேர்த்திதான். கோள ஆயங்களில் கணிதப் புத்தகங்கள் பல தீட்டா என்று குறிக்கும் கோணத்தை இயற்பியல் புத்தகங்கள் ஃபை என்று குறிக்கின்றன. பிரெஞ்சு வழக்கில் 0வும் நேர்ம எண்ணாகவே கொள்ளப்படும். நார்மல் என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். தொடுகோட்டுக்குச் செங்குத்தான கோடு ஒரு நார்மல். மணி வடிவப் பரவல் ஒன்று. குலத்துக்குள் ஒரு வகை உட்குலம். ஒரு வகை அணி. ஒரு வகை இடவியல் வெளி. எந்த அடிமானத்தில் எழுதினாலும் ஒரே நீளமுள்ள இலக்கத் தொடர்கள் எல்லாம் சம அளவில் பரவியிருக்கும் எண்கூட நார்மல்தான். போனில் இந்தச் சொல்லைத் தட்டினால் அதிகம் பேர் தேடும் பரவல்தான் முதலில் வந்து நிற்கும், அதற்குப் பின்னும் அதுவே. அகராதியில் இவை அனைத்தும் ஒரே பக்கத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இந்தச் சொல்லுக்கு இத்தனை முகம் உண்டு என்பதே ஒரு மாணவிக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி.

இணையத்தில் இருப்பதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நீல் ஸ்லோன் 1964இல் மாணவராக இருந்தபோது எண்தொடர்களை அட்டைகளில் எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். 1973இல் 2,372 தொடர்களோடு அது புத்தகமாக வந்தது. 1995இல் விரிந்த பதிப்பு; அடுத்த ஆண்டே இணையத்துக்குப் போயிற்று. இன்று அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் இருக்கின்றன. ஒரு கணக்கில் 1, 2, 5, 14, 42 என்று விடை வந்தால் அந்த எண்களையே கொடுத்துத் தேடலாம். அவை கட்டலான் எண்கள், இன்னின்ன இடங்களில் வருபவை என்று சொல்லிவிடும். சொற்களை அடுக்கிய எந்த அகராதியாலும் முடியாத வேலை. அது நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாளா திரையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எழுதியவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர், பொறுப்பேற்றவர் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆனாலும் தாளை விட்டுவிட எனக்கு மனமில்லாததற்கு ஒரு காரணம் உண்டு. எரிக் வைஸ்டைன் இளமையிலிருந்து சேர்த்த குறிப்புகளால் ஆன மேத்வேர்ல்ட் என்ற அருமையான தளம், அதன் அச்சு வடிவத்தை வெளியிட்ட பதிப்பகத்தோடு எழுந்த உரிமை வழக்கால் 2000 அக்டோபரில் மூடப்பட்டு, 2001 நவம்பரில்தான் திரும்ப வந்தது. உலகம் முழுவதும் அதை நம்பியிருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் அது இல்லை. அந்த ஓராண்டிலும் என் மேஜை மேலிருந்த புத்தகம் திறந்தால் திறந்தது.

பழைய பதிப்புகளையும் நான் எடைக்குப் போடுவதில்லை. கோல்ட்பாக் 1742இல் ஆய்லருக்குத் தம் புகழ்பெற்ற ஊகத்தை எழுதியபோது 1ஐயும் பகா எண்ணாகவே கொண்டார். 1914இல் லேமர் வெளியிட்ட பகா எண் பட்டியலும் 1இல்தான் தொடங்குகிறது. இன்றைய வரையறையை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படித்தால் வாக்கியம் புரியாது. 1930களின் ரஷ்யக் கட்டுரைகளில் பைகாம்பாக்ட் என்று வருவது இன்றைய காம்பாக்ட். அதே காலத்துக் கட்டுரைகளில் காம்பாக்ட் என்று வருவது பல இடங்களில் இன்றைய பொருளில் இல்லை. அந்தந்தக் காலத்து எழுத்தைப் படிக்க அந்தந்தக் காலத்து அகராதி வேண்டும். திரையில் புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். தாளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1916இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று தொடங்கி அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க முனைந்தார்கள். அதன் பின் அரசும் அறிஞர்களும் கலைச்சொல் பட்டியல்கள் பல வெளியிட்டிருக்கிறார்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கலைச்சொல் பட்டியல் ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டி அதற்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லைக் காட்டும். அதோடு அதன் வேலை முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே முழு வரையறை, நிபந்தனை, எடுத்துக்காட்டு, பொருந்தாத எடுத்துக்காட்டு, 'காண்க' என்று ஒரு மாணவி பின்னோக்கிப் போகும் வழி, இவை வேண்டும்.

ஜப்பானியர்கள் இதைச் செய்தார்கள். போரில் நொறுங்கி ஒன்பதே ஆண்டுகளில், 1954இல், ஷோகிச்சி இயனாகாவைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு ஜப்பான் கணிதக் கழகம் தங்கள் மொழியிலேயே ஒரு பெரிய கணித அகராதியைத் தொகுத்தது. 1977இல் அமெரிக்காவின் எம்ஐடி அச்சகம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. ஒரு மொழிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று பொறுமையாக எழுதியதைப் பிறகு உலகமே எடுத்துப் படித்தது. அந்த ஆங்கில வடிவத்தை முதன்முதலாகப் புரட்டிய நாளில் எனக்கு ஏற்பட்ட ஏக்கம் இன்னும் தீரவில்லை.

ஏக்கத்தோடு உட்கார்ந்திருக்காமல் இப்போது சிறிதாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அக்கா மகளும் அவளோடு படிக்கும் பெண்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். முதலாண்டில் வரும் சொற்களுக்குத் தமிழில் வரையறை எழுதுகிறோம். போன் பக்கத்திலேயே இருக்கிறது, ஜேம்ஸ் அண்ட் ஜேம்ஸும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டையும் மூடிவைத்துவிட்டு எழுதுவது என்று வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் 'தொடர்ச்சி'. எக்ஸின் தலைகீழியாக வரும் சார்பு 0இல் தொடர்ச்சியற்றது என்று பள்ளியில் படித்து வந்திருக்கிறார்கள். வரையறையைச் சொல் சொல்லாகப் படித்தால், தொடர்ச்சி உண்டா இல்லையா என்ற கேள்வி மதிப்பகத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு மட்டுமே உரியது. 0 அந்தச் சார்பின் மதிப்பகத்திலேயே இல்லை. ஆகவே அது தன் மதிப்பகம் முழுவதும் தொடர்ச்சியான சார்பு. ஒரு பெண் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "படத்துல உடஞ்சுதானே கிடக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டையும் எழுதினோம்: வரையறைப்படி இப்படி, பள்ளி நூல்களின் வழக்கு இப்படி, வேறுபாட்டுக்குக் காண்க 'மதிப்பகம்'. தனித்து நிற்கும் ஒரு புள்ளியில் எந்தச் சார்பும் தொடர்ச்சியானதுதான் என்ற அடுத்த வரிக்கு மாலை முழுவதும் ஆனது. எப்சிலான் எதுவாக இருந்தாலும், அக்கம்பக்கத்துப் புள்ளிகள் உள்ளே வராத அளவுக்கு டெல்டாவைச் சிறிதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை அதே பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

வரும் ஞாயிறு 'தொலைத்தொடுகோடு'. வளைவரை அதை நெருங்கும், ஆனால் ஒருபோதும் தொடாது என்று எழுதலாம் என்கிறார்கள். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து வரும் வளைவரையை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அது தன் தொலைத்தொடுகோட்டை வெட்டி வெட்டி முடிவில்லாமல் போகிறது.